தூங்க மறுத்த வீரர்கள்: ‘ஆப்லிவியன்’ லெவல் முறை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

## எதைப் பற்றி

கதாநாயகன் மூன்று ஊர்களைச் சுற்றிவிட்டான், ஏழெட்டுக் குகைகளைச் சூறையாடிவிட்டான். ஓய்வெடுத்துக் கற்றதை அசைபோடும்படி திரையில் ஒரு செய்தி வருகிறது. கட்டிலில் படுத்தால் அடுத்த லெவல் கிடைக்கும். ஆட்டக்காரர் படுக்கவில்லை, மறுநாளும் படுக்கவில்லை. கதை முடியும்வரை கதாநாயகனைக் கண்ணயர விடுவதில்லை என்று தீர்மானமாக இருக்கிறார்.

ரோல்-பிளேயிங் கேமில், அதாவது ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் வீடியோ கேமில், லெவல் ஏறுவதுதான் உழைப்புக்குக் கிடைக்கும் கூலி. அந்தக் கூலியை வாங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று ஆட்டக்காரர்களில் ஒரு பகுதியினர் முடிவுகட்டிய கேம், 2006 மார்ச் 20 அன்று வெளியான ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 4: ஆப்லிவியன்’. உருவாக்கியது அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம். விமர்சகர்கள் கொண்டாடிய, இன்றும் பலர் அன்போடு நினைக்கும் விளையாட்டு அது. அப்படியிருந்தும் அதன் லெவல் முறை ஏன் ஆட்டக்காரர்களை இப்படி நடந்துகொள்ள வைத்தது என்பதைத் தொடக்கத்திலிருந்து பார்க்கலாம்.

## பின்னணி

இதற்கு முந்தைய பாகம் 2002இல் வந்த ‘மாரோவிண்ட்’. அதன் உலகம் பெரும்பாலும் கையால் அடுக்கிவைக்கப்பட்ட உலகம். காட்டில் திரியும் சில பிராணிகள் ஆட்டக்காரரின் லெவலுக்கேற்ப மாறும். ஆனால் இந்தக் கல்லறையில் இந்தப் பேய், இந்தக் கோட்டையில் இந்த வாள் என்று பெரும்பாலானவை இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். தெரியாமல் போய் நுழைந்தால் இரண்டு அடியில் சாக வேண்டியதுதான். ‘உன்னை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கறுவிக்கொண்டு திரும்பி, பத்து லெவல் கழித்துப் போய் அதே பேயைப் பழிதீர்ப்பதில் ஒரு சுகம் இருந்தது.

அதற்கு மறுபக்கமும் உண்டு. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் நல்ல வாள் இருப்பது தெரிந்தவர், ஆட்டம் தொடங்கிய அரை மணி நேரத்தில் நேரே போய் எடுத்துக்கொள்வார். பிற்பகுதியில் எதிர்க்க ஆளே இருக்காது. புதிதாக வருபவரோ எந்தப் பக்கம் போனாலும் அடிவாங்குவார்.

ஆப்லிவியனில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. கதாநாயகன் சிறையிலிருந்து தப்பிச் சாக்கடை வழியாக வெளியே வருகிறான். கண் கூசும் வெளிச்சம், எதிரே ஏரி, ஏரிக்கு அக்கரையில் வில்வெரின் என்ற பாழடைந்த வெள்ளைக்கல் கட்டடம். எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது அதுதான். ஆனால் எல்லோரும் அங்கே முதலில் போவதில்லை. ஒருவர் அந்த நிமிடமே நீந்திப் போவார். இன்னொருவர் ஊர்ப்பக்கம் திரும்பிவிட்டு நாற்பது மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு ஞாபகம் வந்து திரும்புவார். வில்வெரினுக்குள் யாரை நிறுத்துவது? முதல் லெவல்காரரிடம் தோற்கும் கொள்ளையரையா, முப்பதாவது லெவல்காரருக்குச் சவால் விடும் பூதத்தையா? இந்தக் கேள்வி அந்த ஒரு கட்டடத்தோடு நிற்கவில்லை. வரைபடத்தில் இருந்த இருநூறுக்கும் மேற்பட்ட குகைகள், கோட்டைகள், பாழ்களுக்கும் இதே கேள்வி.

## எடுத்த முடிவு

எங்கும் எப்போதும் போகலாம், எங்கே போனாலும் சண்டை ஏறத்தாழச் சமமாக இருக்கும் என்பதுதான் வடிவமைப்பாளர்கள் எடுத்த முடிவு. எதிரிகள், பெட்டிக்குள் கிடைக்கும் பொருள், பல பணிகளுக்கான பரிசு ஆகியவை ஆட்டக்காரரின் லெவலைப் பார்த்துத் தீர்மானிக்கப்பட்டன. தொடக்கத்தில் காட்டில் ஓநாய் வரும், பிறகு கரடி, அதன் பிறகு எருமைத்தலை மினோட்டார். நரகத்தின் வாசல் திறந்தால் முதலில் நெருப்பெறியும் குட்டிச்சாத்தான்களான ஸ்காம்ப்கள் வரும், பின்னாளில் முதலைத்தலையோடு டெய்ட்ராத் வரும்.

இதை முட்டாள்தனமான முடிவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆட்டக்காரர் எந்தத் திசையில் நடப்பார் என்று தெரியாத வடிவமைப்பாளருக்கு நிச்சயமாகத் தெரியும் ஒரே எண் அவருடைய லெவல்தான். அதைப் பிடித்துக்கொண்டது நியாயம். கோளாறு வேறிடத்தில் இருந்தது.

## பழைய கணக்கு, புதிய உலகம்

ஆப்லிவியனில் 21 திறன்கள் உண்டு. வாள் வீசினால் வாள் திறன் ஏறும், குதித்தால் தாவும் திறன் ஏறும், கடைக்காரரிடம் விற்று வாங்கினால் பேரத் திறன் ஏறும். செய்யச் செய்யப் பழகும் என்ற அழகான எண்ணம் இது. ஆட்டத் தொடக்கத்தில் இவற்றில் 7 திறன்களை ‘முதன்மை’ என்று தேர்ந்தெடுக்க வேண்டும். முதன்மைத் திறன்கள் எல்லாம் சேர்ந்து 10 புள்ளி ஏறினால் ஒரு லெவல். மீதி 14 திறன்கள் எவ்வளவு ஏறினாலும் லெவல் நகராது.

லெவல் ஏறும்போது வலிமை, உடலுறுதி, வேகம் முதலான 8 அடிப்படைப் பண்புகளில் மூன்றைத் தேர்ந்து உயர்த்தலாம். எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு ஒரு விதி உண்டு. அதிர்ஷ்டம் தவிர மற்ற ஒவ்வொரு பண்பின் கீழும் மூன்று திறன்கள் வரும். அந்த லெவல் காலத்தில் அந்த மூன்று திறன்களும் சேர்ந்து ஒருமுறைகூட ஏறாவிட்டால் பண்பு 1 மட்டுமே கூடும். 1 முதல் 4 முறை ஏறியிருந்தால் 2, 5 முதல் 7 என்றால் 3, 8 அல்லது 9 என்றால் 4, 10 தொட்டால் 5.

சாதாரணமாக விளையாடும் ஒரு வாள்வீரனை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவன் முதன்மையாகத் தேர்ந்தது தான் உண்மையில் பயன்படுத்தும் திறன்களைத்தான். வாள் 4 முறை ஏறியது, கேடயம் 3, கனக்கவசம் 3. மொத்தம் 10, லெவல் வந்துவிட்டது. வாள் வலிமையின் கீழ் வரும், எனவே வலிமை 2 கூடும். கேடயமும் கவசமும் உடலுறுதியின் கீழ் வரும், எனவே அது 3 கூடும். மூன்றாவது பண்புக்கு 1. ஆக மொத்தம் 6. வழியில் கொஞ்சம் ஓடியாடியிருந்தால் 7.

ஆனால் விதி அனுமதிக்கும் உச்சம் 15. அதை எட்ட 30 திறன் ஏற்றங்கள் தேவை. முதன்மைத் திறன்களில் 10 ஏறியதுமே லெவல் வந்துவிடும் என்பதால், மீதி 20 ஏற்றங்களை முதன்மை அல்லாத திறன்களில்தான் தேட வேண்டும். அதுவும் படுக்கப் போவதற்கு முன்னால். பத்து லெவலில் ஒருவர் 60 புள்ளி பெறுகிறார், கணக்குத் தெரிந்தவர் 150 பெறுகிறார். இருவருக்கும் எதிரே வரும் மினோட்டார் ஒன்றுதான்.

இந்த விதி புதிதாக எழுதப்பட்டதும் அல்ல. முதன்மைத் திறன்களின் எண்ணிக்கையும் பிரிவுகளும் மாறினாலும், 10 ஏற்றத்துக்கு ஒரு லெவல், ஒன்றிலிருந்து ஐந்து வரை பண்பு உயர்வு, படுத்தால்தான் லெவல் என்ற இந்த எலும்புக்கூடு மாரோவிண்டிலேயே இருந்தது. அங்கே அது யாரையும் கடிக்கவில்லை. 6 புள்ளி பெற்றவர் சற்று மெதுவாக வளர்வார், அவ்வளவுதான். கல்லறைப் பேய் தன் இடத்திலேயே காத்திருக்கும். உலகம் ஓடத் தொடங்கியபோதுதான், மெதுவாக நடப்பவர் பின்தங்கினார். இரண்டு விதிகளையும் தனித்தனியே சோதித்தால் பிழை தெரியாது, ஒன்றின் மேல் மற்றொன்றை வைத்தால்தான் தெரியும். இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

உடலுறுதியில் இன்னொரு முள்ளும் இருந்தது. உயிர்ப்புள்ளி என்பது எவ்வளவு அடி தாங்கலாம் என்ற கணக்கு. ஒவ்வொரு லெவலிலும் அது கூடும் அளவு, அந்த நேரத்து உடலுறுதியில் பத்தில் ஒரு பங்கு. பின்னாளில் உடலுறுதியை 100க்குக் கொண்டுபோனாலும், முன்பு குறைவாகக் கிடைத்த லெவல்களுக்கு நிலுவை தரப்பட மாட்டாது.

## ஆட்டத்தில் தெரிந்தவை

முதலில் சிக்கியவர்கள் சண்டையை விரும்பாதவர்கள். பேரம், பேச்சு சாதுரியம், மருந்து காய்ச்சுதல், ஓட்டம் ஆகியவற்றை முதன்மையாகத் தேர்ந்த ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டில் ஆப்பிளையும் கேரட்டையும் உரலில் இட்டு அரைத்தாலே களைப்பு நீக்கும் மருந்து கிடைக்கும். அதைக் காய்ச்சுவார், விற்பார், ஊர்விட்டு ஊர் ஓடுவார். ஒரு எலியைக்கூடக் கொல்லாமல் லெவல் ஏறிக்கொண்டே இருக்கும். காட்டுக்குள் கால் வைத்தால், பத்து லெவல் சண்டையிட்டுப் பழகிய ஒருவருக்கென்று தயாரான எதிரிகள் அவரை வரவேற்பார்கள். லெவல் என்ற எண் இவர் எவ்வளவு வேலை செய்தார் என்பதை அளந்தது. உலகமோ அதே எண்ணை இவர் எவ்வளவு பலசாலி என்பதாகப் படித்தது.

அடுத்து வழிப்பறிக்காரன். நெடுஞ்சாலையில் மறித்து நின்று 100 பொற்காசு கேட்பவன். தொடக்கத்தில் தோலோ ரோமமோ போர்த்தியிருப்பான், அந்த வேடத்துக்கு அந்தத் தொகை பொருந்தும். ஆட்டக்காரரின் லெவல் ஏற ஏற அவன் உடுப்பும் ஏறும். கடைசியில் அரிய பச்சைக் கண்ணாடிக் கவசம் பூண்டு நிற்பான். அதை விற்றால் ஆயிரக்கணக்கில் பொன் கிடைக்கும். அதை மாட்டிக்கொண்டுதான் 100 காசுக்குக் கத்தி நீட்டுகிறான். ஆப்லிவியன் பற்றிய பேச்சில் இன்றுவரை மிக அதிகம் கேலிக்குள்ளானவன் இவனாகத்தான் இருப்பான். சிரிப்புக்குப் பின்னால் ஒரு இழப்பும் உண்டு. சாலைக் கொள்ளையனிடமே கண்ணாடிக் கவசம் இருந்தால், ஆழக் குகையின் கடைசி அறைப் பெட்டியைத் திறப்பதில் என்ன ஆர்வம் மிஞ்சும்?

ஆட்டக்காரரின் திறனும் பண்பும் 100இல் நின்றுவிடும், ஆயுதத்துக்கும் ஓர் உச்சம் உண்டு. ஆனால் சில எதிரிகளின் உயிர்ப்புள்ளி ஆட்டக்காரரின் லெவலோடு பெருகிக்கொண்டே போனது. பூதத் தலைவன் ஒருவனைச் சாய்க்க நிமிடக்கணக்கில் வெட்டிக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. அதில் சவால் இல்லை, சலிப்புத்தான்.

பரிசுகளிலும் இதே கதை. பல பணிகளில், முடிக்கும் நேரத்து லெவலுக்கேற்ற வாள் கிடைக்கும். பிறகு அது வளராது. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் நல்ல பணிகளைத் தொடாமல் ஒத்திப்போட்டார்கள். ஆர்வத்தோடு முதலில் ஓடியவருக்கு மட்டமான வாள், தள்ளிப்போட்டவருக்கு நல்ல வாள்.

இதற்கு எதிர்ச்சான்றும் விளையாட்டுக்குள்ளேயே இருந்தது. விண்டாசெல் என்ற பாழில் அம்ப்ரா என்ற பெண் கருங்கவசத்தோடு நிற்கிறாள். அவள் லெவல் 50, ஆட்டக்காரர் எந்த லெவலில் வந்தாலும் அதுதான். முதல் முறை போனால் அடித்து நொறுக்கிவிடுவாள். அவளை வீழ்த்திய நாளை ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் நினைவு வைத்திருந்தார்கள். நூறு மினோட்டார்களில் எந்த ஒன்றையும் அப்படி யாரும் நினைவு வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

## ஆட்டக்காரர்கள் கண்ட வழிகள்

ஒரு சாரார் குறிப்பேடு எடுத்தார்கள். இந்த லெவலில் வலிமைத் திறன் 7, இன்னும் 3 வேண்டும் என்று ஒவ்வொரு ஏற்றத்தையும் எழுதிக்கொண்டே விளையாடினார்கள். நண்டிடம் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்று அடிவாங்கினார்கள், மிக மலிவான மந்திரம் ஒன்றைச் சுவரைப் பார்த்து இருநூறு முறை ஓதினார்கள். தேர்வு முறையிலும் ஒரு தலைகீழ் உத்தி பிறந்தது: தினமும் பயன்படுத்தும் திறனை முதன்மையாக வைக்காதே, தொடவே தொடாத திறனை முதன்மையாக வை. வாள்வீரனாக வாழ வேண்டுமென்றால் விண்ணப்பத்தில் மந்திரவாதி என்று எழுத வேண்டும்! லெவல் தன் கட்டுப்பாட்டில் இருக்க அதுதான் வழி.

இன்னொரு சாரார் தூக்கத்தை விட்டவர்கள். படுக்காவிட்டால் லெவல் ஏறாது, ஆனால் திறன்கள் ஏறிக்கொண்டே இருக்கும். வாள் திறன் 100, லெவல் 1. உலகமோ அவரை இன்னும் சாக்கடையிலிருந்து நேற்று வந்தவனாகவே நினைத்து ஓநாயையும் ஸ்காம்ப்களையும் அனுப்பும். முதன்மைக் கதையை மிகக் குறைந்த லெவலிலேயே முடித்துவிட முடிந்தது, முடித்தவர்களும் உண்டு. உலகைக் காக்க வந்த வீரன், தூங்காததால் ஜெயித்தான்.

மூன்றாவது சாரார் அமைப்புகளுக்குள் போய், சண்டையை எளிதாக்க, கடினத்தன்மைக்கான நகர்த்தியை (ஸ்லைடர்) இடப்பக்கம் தள்ளினார்கள். பெரும்பான்மையினர் இவர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். அந்த நகர்த்தி காயத்தை மூடியது, ஆற்றவில்லை.

## மாட் செய்தவர்கள்

கணினிப் பதிப்போடு நிறுவனம் தன் உலகக் கட்டுமானக் கருவியையும் இலவசமாகக் கொடுத்தது. அதை வைத்து ஆட்டக்காரர்கள் 2006இலேயே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். இப்படி ஆட்டக்காரர்களே எழுதிச் சேர்க்கும் மாற்றத்துக்கு மாட் என்று பெயர். ‘ஆஸ்க்யூரோஸ் ஆப்லிவியன் ஓவர்ஹால்’ என்ற மாட் எதிரிகளுக்கும் இடங்களுக்கும் நிலையான பலத்தை மீட்டுக்கொடுத்தது: சில இடங்கள் இன்று உனக்கானவை, சில இடங்கள் இன்று உனக்கானவை அல்ல. வேறு சிலர் எதிரிகளை விட்டுவிட்டு மறுமுனையைப் பிடித்தார்கள். திறன் ஏறினால் பண்பும் தானாகவே, பின்னணியில், ஏறும்படி எழுதினார்கள். குறிப்பேடு தேவையில்லாமல் போனது.

2010இல் ஜெர்மனியக் குழு ஒன்று ஆப்லிவியனை இயக்கும் மென்பொருளான எஞ்சினின் மேல் ‘நெரிம்’ என்ற முற்றிலும் வேறான உலகத்தைக் கட்டியது. அங்கே எதிரிகள் ஆட்டக்காரரோடு வளர்வதில்லை, லெவல் ஏற்றமும் அனுபவப் புள்ளி வழியாக நடக்கும். கோளாறின் இரண்டு பாதிகளையும் ஒரே கையால் எடுத்துவிட்டார்கள்.

## நிறுவனம் செய்த திருத்தங்கள்

2008இல் வந்த, பெதஸ்டாவின் இன்னொரு விளையாட்டான ‘ஃபால்அவுட் 3’இல் இடங்களுக்கு எல்லை வகுக்கப்பட்டது. ஒவ்வோர் இடத்துக்கும் குறைந்தபட்ச பலம் உண்டு, ஆட்டக்காரர் முதன்முறை நுழையும் நேரத்து லெவலோடு இடம் உறைந்துவிடும். தோற்று ஓடி, வளர்ந்து திரும்பினால் இடம் வளர்ந்திருக்காது. மாரோவிண்டின் பழிதீர்க்கும் சுகம் ஓரளவு திரும்பியது.

2011 நவம்பர் 11 அன்று வந்த, எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையின் அடுத்த பாகமான ‘ஸ்கைரிம்’ இன்னும் ஆழமாக வெட்டியது. 8 பண்புகளும் போயின, முதன்மைத் திறன் தேர்வும் போனது. 18 திறன்களில் எது ஏறினாலும் லெவலுக்குப் பங்களிக்கும். லெவலில் உயிர், மந்திரசக்தி, தாக்குப்பிடிப்பு மூன்றில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு ஒரு சிறப்பு ஆற்றலைத் தேர்ந்தால் போதும். கட்டில் தேவையில்லை. படுத்தால் கற்றல் வேகம் சற்றுக் கூடும், அதாவது தூக்கம் தண்டனையிலிருந்து சலுகையானது. தொடக்க ஊர்களுக்குப் பக்கத்துச் சமவெளியிலேயே நிலையான பலத்தோடு ராட்சதர்கள் நின்றார்கள். சீண்டினால் தடியால் ஒரே அடி, கதாநாயகன் வானத்தில் பறப்பான். இந்த உலகம் உன்னைச் சுற்றிச் சுழலவில்லை என்று அந்த அடி முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிடும்.

ஆனால் பண்புகளோடு வேறொன்றும் போனது. வேகம் 100 ஆன பிறகு ஓடுவதிலும், தாவும் திறன் உச்சம் தொட்ட பிறகு கூரைவிட்டுக் கூரை குதிப்பதிலும் இருந்த உடல் மாற்றம் ஸ்கைரிமில் இல்லை. கணக்கைத் திருத்துவதற்கு பதில் கணக்குப் புத்தகத்தையே எரித்துவிட்டார்கள் என்று வருந்தும் கூட்டத்தில் நானும் ஒருவன்.

2025 ஏப்ரல் 22 அன்று ஆப்லிவியனின் புதுப்பிப்பு (மெருகேற்றிய மறுவெளியீடு) வந்தபோது அந்தப் புத்தகம் திருத்தங்களோடு திரும்பியது. ஒவ்வொரு லெவலுக்கும் 12 புள்ளிகள். மூன்று பண்புகள் வரை பங்கிடலாம், ஒரு பண்புக்கு 5க்கு மேல் கூடாது, அதிர்ஷ்டத்தை 1 கூட்ட 4 புள்ளி செலவாகும். எந்தத் திறன் ஏறியது என்ற கேள்வியே இல்லை. முதன்மை அல்லாத திறன்களும் இப்போது லெவலை நகர்த்தும் என்பதால் பயன்படுத்தும் திறனை முதன்மைப் பட்டியலில் சேர்க்காமல் ஒளித்துவைக்கும் உத்திக்கு வேலை இல்லை. வேகமும் தாவலும் பத்திரமாக இருக்கின்றன. உலகம் ஆட்டக்காரரோடு வளரும் பாதியை மட்டும் பெரிதும் தொடாமல் விட்டார்கள். அதே ஆண்டில், பெதஸ்டாவில் பணியாற்றியவரும் ஸ்கைரிம் வடிவமைப்பை முன்னின்று நடத்தியவருமான ஒருவர், உலகம் ஆட்டக்காரரோடு ஏறியது தவறு என்று வெளிப்படையாகவே சொன்னார். ஸ்கைரிமில் அது அதே வடிவில் திரும்பவில்லை என்பதையே அதற்குச் சான்றாகவும் காட்டினார்.

## எதை மாற்றலாம்

புதுப்பிப்பின் 12 புள்ளி முறை சரியான இடத்தில் வெட்டியிருக்கிறது என்பது என் கணிப்பு. பின்தங்கும் அபாயம் பெரும்பாலும் பண்புக் கணக்கில்தான் இருந்தது, அதைத் தீர்த்ததும் வளரும் உலகத்தின் கொடுமை பாதி குறைந்துவிட்டது. மீதிப் பாதிக்கு, உலகம் பார்க்கும் எண்ணைப் பிரிக்க வேண்டும். பேரமும் மருந்து காய்ச்சுதலும் லெவலைக் கூட்டட்டும், அது உழைப்புக்கான மரியாதை. எதிரியைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் சண்டைத் திறன்களின் சராசரியைப் பார்த்தால் போதும். பிறகு எவ்வளவு மருந்து விற்றாலும் அதற்காகக் காட்டில் மினோட்டார் முளைக்காது.

வில்வெரின் போன்ற முதல் பார்வை இடங்கள் வளரட்டும், அவற்றுக்கு அதுதான் பொருத்தம். ஆனால் பத்தில் இரண்டு மூன்று இடங்களாவது அம்ப்ராவைப் போல அசையாமல் நிற்க வேண்டும். உள்ளே நுழையுமுன் வாசலில் ஒரு எலும்புக்கூடோ எரிந்த வண்டியோ கிடந்து எச்சரித்தால் நல்லது. ஒவ்வொரு வகை எதிரிக்கும் மேல்வரம்பும் வேண்டும். வழிப்பறிக்காரன் வளரலாம், துணைக்கு இரண்டு ஆள் சேர்க்கலாம், நல்ல வில் ஒன்று வாங்கலாம். உடுப்பு மட்டும் சங்கிலிக் கவசத்தோடு நிற்க வேண்டும். முப்பதாவது லெவலில் கண்ணாடிக் கவசம் பூண்டு வருவது ஆட்டக்காரராக இருக்கட்டும். அவரைக் கண்டதும் அவன் 100 காசு கேட்காமல் வழிவிட்டு ஒதுங்கட்டும்.